ஆணி அடித்தது யார்?

"ஓவியன் கடை வைக்கலாமா, ஸார்?" என்று கேட்டார் ஒரு கனவான்.

கேட்ட இடம் சோழமண்டலம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறதே, அந்த ஓவியர் கிராமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கனவான் என் கதைகளைப் படிக்கிறவர். படித்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுதியும் அனுப்புகிறவர். ஆகையால் அவர் பேரில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. கூடத்தில் படம் படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஆஹா" என்றார். "இந்த நீலம் இருக்கிறதே!" என்றார். அப்புறம் படத்துக்குக் கீழே விலை எழுதியிருந்த சீட்டு அவர் கண்ணில் பட்டது. முகம் சுருங்கிவிட்டது. கோயிலில் சுவாமி கழுத்தில் விலைச்சீட்டைக் கண்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "இந்தக் கிராமமே துணிக்குச் சாயம் தோய்த்து விற்ற பணத்தில் எழும்பியதுதான்" என்று நான் சொன்னேன். அது எரிகிற நெருப்பில் எண்ணெயாகப் போயிற்று. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. நம்மை மெச்சுகிறவரோடு நேருக்கு நேர் சண்டை போட நமக்கு வராது. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தபிறகுதான் வீரம் வருகிறது. ஆகவே இது அவருக்குப் பதில். அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. அவர் மாதிரி நினைக்கிறவர்கள் நம்மில் பத்துக்கு எட்டுப் பேர். நேற்று வரையில் நானும் அந்த எட்டில் ஒருவன்தான். அந்தக் கதையையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துணி வியாபாரம்.

கே. சி. எஸ். பணிக்கர் 1911-இல் கோயமுத்தூரில் பிறந்தவர். இளமையில் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு அதன் தலைவரும் ஆனார். வருஷா வருஷம் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வெளியே வருவார்கள். வந்து என்ன செய்வது? விளம்பரக் கம்பெனியில் சோப்புக்குப் படம் போடலாம். சினிமாத் தட்டிகள் எழுதலாம். எங்காவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகப் போய், வாழைப்பழம் வரையச் சொல்லிக் கொடுக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் புடவைக்குக் கரை போடுகிற வேலை கிடைக்கும். நம் இலக்கியப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் உயிருள்ள கோடுகளைப் போட்டுக் கொடுத்த ஆதிமூலம் அந்த மையத்தில் உத்தியோகம் பார்த்தவர்தான். ரெட்டப்ப நாயுடுவும் அப்படியே. அவர்கள் உத்தியோகமும் பார்த்தார்கள், படமும் போட்டார்கள். எல்லோராலும் அது முடியுமா? பலபேர் முதல் இரண்டு வருஷத்திலேயே தூரிகையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். அந்த வயதில் பரணில் போனது மறுபடி இறங்குவதில்லை.

பணிக்கர் இதைப் பார்த்தார். சர்க்காருக்கு மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. புரவலர் வீட்டு வாசலில் நிற்கவும் இல்லை. "நமக்குக் கை இருக்கிறது. பாதி நாள் விற்கக்கூடிய கைவேலை செய்வோம்; மீதி நாள் நம் இஷ்டத்துக்குப் படம் எழுதுவோம்" என்கிற முடிவுக்கு அவரும் அவருடைய மாணவர்களும் வந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் கைவினைக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 'பாத்திக்' துணி செய்து காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்து மணலில் பத்து ஏக்கர் அளவில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் கிராமம் பிறந்தது.

இரண்டே வரியில் சொல்லிவிட்டேன். பாத்திக் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிற கஷ்டம் தெரியும்.

வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அதில் லேசாகப் பென்சிலால் கோடு போட வேண்டும். பாரஃபின் மெழுகையும் தேன்மெழுகையும் சேர்த்து அடுப்பில் உருக்க வேண்டும். பாரஃபின் தனியாக இருந்தால் உதிர்ந்துவிடும். தேன்மெழுகுதான் துணியைப் பிடித்துக்கொள்கிறது. எந்த இடம் வெள்ளையாகவே நிற்க வேண்டுமோ அங்கே உருகிய மெழுகைத் தூரிகையால், அல்லது மூக்கு வைத்த சின்னச் செப்புக் குவளையால் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு மேலாக நின்று உரிந்து வரும். சூடு மிஞ்சினால் புகையும். இன்னும் மிஞ்சினால் தீப்பிடிக்கும். பிறகு சாயத்தொட்டி. சாயம் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் வைத்த மெழுகு அத்தனையும் கரைந்து தொட்டிக்குள் போய்விடும். முதலில் மஞ்சள், அதை உலர்த்தி மறுபடி மெழுகு, அப்புறம் சிவப்பு, மறுபடி உலர்த்தி மறுபடி மெழுகு, கடைசியில் கறுப்போ கருநீலமோ. மெழுகு எங்கெங்கே விரிசல் விடுகிறதோ அங்கெல்லாம் சாயம் நரம்பு நரம்பாக ஓடும். அந்த விரிசல்தான் பாத்திக்கின் அழகு. அது வருவது பாதி சாமர்த்தியம், பாதி கடவுள் செயல். எல்லாம் முடிந்தபின் கொதிக்கிற தண்ணீரில் துணியைப் போட்டு மெழுகைப் பிரிக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓவியன் திரைச்சீலையில் தப்பாக ஒரு நிறம் வைத்தால், மேலே இன்னொன்றைப் பூசி மறைத்துவிடலாம். பாத்திக்கில் மறைக்க முடியாது. கடைசியில் கறுப்பு வரப்போகிற இடத்தை முதல் நாளே, துணி வெள்ளையாக இருக்கும்போதே, மனசுக்குள் கறுப்பாகப் பார்த்திருக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இது புரியும். கடைசி அத்தியாயம் முதல் அத்தியாயத்தில் இருக்க வேண்டும் என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் சாயத்தொட்டியில் செய்தார்கள்.

இதைத்தான் நம் கனவான் "துணி வியாபாரம்" என்கிறார்.

'தூய கலை', 'பயன் கலை' என்று ஒரு வேலி போட்டு, ஓவியத்தை இந்தப் பக்கமும் பானை சட்டியை அந்தப் பக்கமும் நிறுத்துவது நம்முடைய பழைய சாஸ்திரம் ஒன்றும் அல்ல. பணிக்கர் தலைவராயிருந்த சென்னைப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் அதைத் தொடங்கியவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்கிற வைத்தியர். அங்கே மண்பாண்டமும் மரவேலையும் உலோக வேலையும் கற்பித்தார்கள். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்கிற துரை 1898-இல் அதே பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். நம் பாட்டிமார் சோறு வடித்த அலுமினியப் பாத்திரத்துக்கும், பணிக்கர் எழுதிய 'சொற்களும் குறியீடுகளும்' என்கிற பட வரிசைக்கும் ஒரே தாய்வீடு! கனவானுக்கு இது அவமானமாகப் படலாம். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். சோழமண்டலம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெயரைத்தான் வெள்ளைக்காரன் வாய் குழறிக் கோரமண்டல் ஆக்கினான். அந்தச் சோழர்களில் ராஜராஜன் தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கட்டினான். கட்டி முடித்தது 1010-இல். கோயில் சுவரில் என்ன வெட்டி வைத்தான் என்று பாருங்கள். தன் வெற்றிகளை மட்டும் வெட்டவில்லை. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் இருந்த தெரு, அந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டில் நூறு கலம் நெல் என்று கூலியும் இருக்கிறது. கொட்டுகிறவர், பாடுகிறவர், கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் ஆகிய எல்லோருக்கும் பங்கு உண்டு. பெருந்தச்சன் பெயரும் கல்லில் இருக்கிறது. சக்கரவர்த்திக்கு இதில் வெட்கம் வரவில்லை. கலை வேறு கூலி வேறு என்று அவன் நினைக்கவில்லை. கூலியைக் கோயில் சுவரிலேயே, எல்லோரும் பார்க்கும்படி வெட்டினான்.

பெயரை மட்டும் அவனிடம் இரவல் வாங்கிக்கொண்டோம். பழக்கத்தை வாங்கவில்லை.

நம் ஊரில் எந்தச் சிறு சித்திரக்கூடத்துக்காவது போய்ப் பாருங்கள். ஓவியர் பெயர் இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். குத்துவிளக்கு ஏற்றிய அம்மாள் பெயர் இருக்கும். படத்துக்குச் சட்டம் போட்டவர் பெயர் எங்கே? சுவரில் மட்டம் பார்த்து ஆணி அடித்தவர் பெயர் எங்கே? இரவெல்லாம் உட்கார்ந்து காவல் காத்தவர் பெயர் எங்கே?

"அது எதற்கு ஸார்? ஆணி அடிப்பதெல்லாம் ஒரு கலையா?" என்பீர்கள்.

கடற்கரையில் ஒரு படத்தைப் பத்து வருஷம் வைத்திருந்து பாருங்கள், பிறகு பேசுங்கள். காகிதத்தில் எழுதிய படத்துக்குக் காற்றில் ஈரப்பதம் ஐம்பது சதவிகிதத்தை ஒட்டி, ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்பார்கள் பாதுகாப்பு நிபுணர்கள். நம் கடலோரத்தில் எழுபது சதவிகிதம் என்பது சாதாரண நாள். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். திரைச்சீலை ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். சட்டத்தின் மூலைகளில் செருகியிருக்கிற சின்ன மர ஆப்புகளை ஒவ்வொன்றாக, பட்டும் படாமலும் தட்டி இறுக்க வேண்டும். ஒரு தட்டு அதிகமானால் வர்ணம் வெடிக்கும். காகிதத்தின் முதுகில் பூஞ்சை பழுப்புப் பொட்டுப் பொட்டாக வரும். உப்புக்காற்று பட்டால் இரும்பாணி துருப்பிடித்து, துருக்கறை ஈரத்தோடு சேர்ந்து சட்டத்தின் வழியே படத்துக்குள் இறங்கும். சுவரிலிருந்து விரற்கடை இடைவெளி விட்டு மாட்டினால்தான் படத்தின் பின்னால் காற்று ஓடும். வெளிச்சமோ பரம சத்துரு. மைச்சித்திரத்துக்கு ஐம்பது லக்ஸுக்குமேல் வெளிச்சம் ஆகாது என்பது கணக்கு. நாம் கடலைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஜன்னலை அகலத் திறக்கச் சொல்கிறோம். கரையானைப் பற்றி நான் எழுத வேண்டாம். உங்கள் வீட்டுப் புத்தக அலமாரிக்கே அது தெரியும்.

பி. வி. ஜானகிராம் தாமிரத் தகட்டைத் தட்டித் தட்டிச் சிற்பம் செய்தவர். பணிக்கரின் மகன் நந்தகோபால் தாமிரத்தையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தவர். உப்புக்காற்றில் தாமிரம் என்ன ஆகும் என்பது குத்துவிளக்குத் துலக்குகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒரு வித்தியாசம்: குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம். சிற்பத்தைப் புளி போட்டுத் துலக்கினால், சிற்பி வேண்டுமென்றே கொண்டுவந்த பச்சைக்களிம்பும் கறுப்பும் சேர்ந்து போய்விடும். எந்தக் கறை சிற்பியின் கறை, எந்தக் கறை கடலின் கறை என்று தெரிந்து துடைக்கிறவருக்கு நாம் வைத்திருக்கிற பெயர் என்ன? 'பெருக்குகிற ஆள்'.

மெரினாக் கடற்கரையில் 'உழைப்பாளர் சிலை' என்று நாம் சொல்கிற சிலை 1959-இல் வைத்தது. நாலு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். ராய் சௌத்ரி செய்தது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த உடம்புகளுக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர், ஓவியப் பள்ளியில் இரவுக்காவல் பார்த்தவர் என்று சொல்வார்கள். பகலெல்லாம் தசை முறுக்கி நின்றுவிட்டு இரவில் அந்தப் பள்ளியையே காத்திருக்கிறார்! உழைப்புக்குச் சிலை வைத்தோம். உழைத்தவரைக் கேட்டால், யாரோ ஒரு வாட்ச்மேன்.

சோழமண்டலத்துக்கு வருகிறேன். அந்தக் கிராமத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே எழுதிய படங்கள் மட்டுமல்ல. ஓவியர் ஒரு ஜாதி, ஊழியர் ஒரு ஜாதி என்கிற பிரிவினையை அவர்கள் தொடக்கத்தில் ஏற்கவில்லை. சாயத்தொட்டியைக் கலக்கியதும் ஓவியர். கணக்கு எழுதியதும் ஓவியர். மணலில் வீடு எழுப்பியதும் ஓவியர். காட்சிக்கு வந்தவருக்கு விலை சொன்னதும் ஓவியர். நந்தகோபால் 2017-இல் காலமாகும் வரை சிற்பமும் செய்தார், கிராமத்தின் நிர்வாகத்தையும் சுமந்தார். சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று 2009-இல் அங்கே ஒரு காட்சியகம் திறந்தார்களே, அதன் பின்னால் எத்தனை கடிதம், எத்தனை ரசீது, எத்தனை அலைச்சல் இருந்திருக்கும்! அந்த நேரத்தில் அவர் இன்னும் சில சிற்பங்கள் செய்திருக்கலாமே என்று யாராவது வருத்தப்பட்டால், வருத்தம் நியாயம்தான். அந்தச் சிற்பங்களை எங்கே வைத்துப் பார்ப்போம் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டு வருத்தப்படட்டும்.

இங்கே ஒரு ஆட்சேபத்தை நான் மறைக்கக்கூடாது. கைவேலை நேரத்தைத் தின்னும். ஒரே தினுசுத் துணியை நாற்பதாவது தடவை தோய்க்கிறவன் கை மரத்துப்போகும். மரத்த கை மாலையில் திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்றாலும் மரத்தேதான் நிற்கும். துணிக்கு வந்த மோகம் என்றைக்கும் நிற்பதில்லை; மோகம் போனால் வயிறு மறுபடி காயும். சில பேர் கிராமத்தை விட்டுப் போனார்கள். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்கே போய்விட்டார்கள். ஆகையால் 'கடை வைத்துவிட்டால் கலை தழைத்துவிடும்' என்று நான் சொல்லவில்லை. கடை இல்லாவிட்டால் அந்த மணலில் நிற்கக்கூட இடம் இருந்திராது என்றுதான் சொல்கிறேன்.

ராமானுஜத்தை நினைத்துப் பாருங்கள். பேச்சு சரளமாக வராது. மனசிலும் நோய். வெளியுலகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் கையில் பேனாவைக் கொடுத்தால், மயிரிழைக் கோடுகளால் ஒரு கனவு நகரத்தையே எழுப்பிவிடுவார். கோபுரமும் மாளிகையும் பாம்பும் பறவையும் தொப்பி போட்ட ராமானுஜமுமாக ஒரு நகரம். அப்படிப்பட்டவரை எந்த ஆபீஸ் வேலைக்கு எடுத்திருக்கும்? எந்தப் பள்ளிக்கூடம் டிராயிங் மாஸ்டராக வைத்திருக்கும்? பணிக்கர் அவரைக் கைவிடவில்லை. சோழமண்டலத்தில் அவருக்கு இடம் இருந்தது. அந்த இடமும் அவரைக் கடைசி வரை காப்பாற்றவில்லை. 1973-இல், இளம் வயதில், தாமே தம் உயிரைப் போக்கிக்கொண்டார். ஆனாலும் இருந்த சில வருஷங்கள் வரைந்தார். கனவான் சொல்கிற மாதிரி ஓவியர்கள் கடை வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு புரவலருக்காகக் காத்திருந்தால், அந்தச் சில வருஷங்களும் இருந்திரா. அந்த நகரமும் இருந்திராது.

இன்று அந்தக் கோடுகளுக்கு ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை. யாருக்கு லாபம்? நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் வருஷம் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குமேல் ஒரு மூல ஓவியம் மறுபடி விலைபோனால், அதை வரைந்தவருக்கோ வாரிசுக்கோ அந்த விலையில் பத்து சதவிகிதத்துக்கு மிகாமல் பங்கு கேட்கிற உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. அது இருப்பது படம் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓவியர்களில்தான் எத்தனை பேர் தைரியமாகக் கேட்பார்கள்? கேட்டால், "கலைஞன் பணத்துக்கு ஆசைப்படலாமா?" என்று கேட்பதற்கு நாம் இருக்கிறோமே!

அதுதான் என் கோபம். 'கலைஞன் பணத்தை நினைக்கலாகாது' என்று சொல்கிறவர் யார் என்று பார்த்தால், அநேகமாக அவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் அரை கிரவுண்டு என்ன விலை போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஈஞ்சம்பாக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த இடத்தை விற்றால் எவ்வளவு தேறும்!" என்று கண்ணாலேயே அளப்பார். கூடத்துக்குத் தரை போடப் பளபளக்கிற இத்தாலிக் கல் வாங்குவார். பேரம் பேச மாட்டார். அந்தக் கூடத்துச் சுவருக்கு மட்டும் நகைக்கடைக் காலண்டர். ஓவியனிடம் வந்ததும் திடீரென்று ஞானியாகிவிடுவார். பணம் மாயை என்பார். ஓவியன் சாகும் வரை பணம் மாயை. செத்தபின் அது முதலீடு!

சரி, என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன் என் நாவல் ஒன்று வெளிவருவதாக இருந்தது. அட்டைக்கு நல்ல படம் வேண்டும் என்று எனக்கு ஆசை. பதிப்பாளரிடம் அதற்குப் பணம் இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு ஓவியரிடம் போனேன். சோழமண்டலத்தவர் அல்ல, கடலோரத்தில் இன்னொரு ஊர். "உங்கள் படம் ஒன்றைக் கொடுங்கள். பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள்" என்றேன். அந்தப் புத்தகம் ஆயிரம் பிரதி அச்சடித்தது. இதை அப்போதே நான் அறிவேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு படத்தைக் கழற்றிக் கொடுத்தார். புத்தகம் வந்தது. உள்பக்கத்தில் அவர் பெயர் விடுபட்டுப் போயிருந்தது. நான் பதிப்பாளரிடம் சண்டை போட்டேனா? இல்லை. 'அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்றார். நானும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த பதிப்பு இன்றுவரை வரவில்லை. ஓவியருக்கு இரண்டு பிரதி கொடுத்தேன். அதில் ஒன்றில் கையெழுத்து வேறு போட்டுக் கொடுத்தேன், ஏதோ பெரிய தானம் செய்கிறவன் மாதிரி.

போன வருஷம் அவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேச்சுவாக்கில், "அந்தப் படத்துக்குப் போட்ட சட்டத்துக்கு மட்டும் ஆசாரிக்குப் பாக்கி வைத்திருந்தேன், மூன்று தவணையில் அடைத்தேன்" என்றார். என் புத்தகத்துக்கு ராயல்டி எனக்கு வந்தது. தொகை சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் வந்தது. ஆசாரிக்குப் பாக்கி ஓவியர் தலையில் நின்றது. என் நாவலின் கதாநாயகன் ஒரு தொழிலாளி. சுரண்டலைப் பற்றி அதில் மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன். விமரிசகர்கள் அந்த அத்தியாயங்களைத்தான் பாராட்டினார்கள்!

கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் நான். அழகியல் தத்துவமெல்லாம் முறையாகப் படித்தவன் அல்ல. பெரிய பெரிய திட்டம் எதுவும் எனக்குச் சொல்ல வராது. கேட்பது சின்ன விஷயங்கள். படக்காட்சிக்கு விவரப் புத்தகம் அச்சடிக்கிறவர்கள், சட்டம் போட்டவர், மாட்டியவர், கணக்குப் பார்த்தவர், காவல் இருந்தவர் என்று பெயர்களைப் பின்பக்கத்திலாவது போடட்டும். நாலு வரிக்கு மை எவ்வளவு செலவாகிவிடும்? சினிமாவில் டீ கொண்டுவருகிறவர் பெயர்கூடக் கடைசியில் ஓடுகிறது. கூடம் நடத்துகிறவர்கள் ஊழியருக்குச் சேர வேண்டியதை, படம் விற்றாலும் விற்காவிட்டாலும், மாதம் பிறந்ததும் கொடுக்கட்டும். 'கலைச்சேவை' என்று சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். அந்தச் சேவையில் நம் கனவான்களுக்கும் பங்கு கொடுப்போமே: ஒரு மாதச் சம்பளத்தை விட்டுவிடச் சொல்லிப் பார்ப்போம். என்னைப் போல் எழுதுகிறவர்கள் அட்டைப் படத்தை இரவல் கேட்காமல் இருக்கட்டும். வாசகர்கள், வருஷத்துக்கு ஒன்று வேண்டாம், ஆயுளில் ஒரே ஒரு படம், சின்னதாக, விலை கொடுத்து வாங்கட்டும். பெரிய எண்ணெய் ஓவியம் வேண்டாம். ஒரு கோட்டுச்சித்திரம், ஒரு அச்சுப்படம் போதும்.

போன மாதம் நான் மறுபடி அந்தக் கடற்கரைப் பக்கம் போனேன், இந்தத் தடவை கனவான் இல்லாமல். ஒரு சிறு கூடத்தில் உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு ஒரு மைச்சித்திரம். காய்கிற வலை, அதன் மேல் ஒரு காக்கை. விலைச்சீட்டைப் பார்த்தேன். மனசு ஒரு நிமிஷம் பழைய கணக்குப் போட்டது. 'எழுத்தாளன் என்று சொன்னால் குறைப்பார்களோ?' என்று. வாயை மூடிக்கொண்டு பணத்தை எடுத்தேன்.

மேஜையில் உட்கார்ந்திருந்த அம்மாள் ரசீது எழுதினார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவரே எழுந்துபோய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முதுகுப்பக்கம் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டினார். கட்டிய முடிச்சு என்னமோ பத்து வருஷம் அதையே செய்தவர் முடிச்சு.

"இந்தச் சட்டம் யார் போட்டதம்மா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர்தான் ஸார். ஏன், எங்கேயாவது பிசகா இருக்கா?"

"இல்லை. நன்றாயிருக்கிறது. அதனால்தான் கேட்டேன்."

"அப்படியா?" என்றார். பிறகு படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "மழைத்தண்ணி இறங்குற சுவத்துல மாட்டாதீங்க ஸார். வெயில் நேரா படுற இடமும் வேணாம். ஆணி மட்டும் பித்தளை ஆணியா வாங்கிக்குங்க" என்றார்.